பட்ஜெட் கேமரா எங்கே போச்சு? - கணக்கை லென்ஸில் இருந்து தொடங்குங்க!

"பொண்ணு விஸ்காம் சேர்ந்திருக்கா. 50,000 ரூபாய்க்குள்ள ஒரு நல்ல கேமரா சொல்லுங்களேன்!"

உங்கள் சொந்தபந்தத்தில் கொஞ்சம் கேமரா தெரிந்தவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். காலேஜ் திறக்கும் சமயத்தில் இந்தக் கேள்வி வராத வருஷமே அவருக்கு இருக்காது. பத்து வருஷத்துக்கு முன்னாடி இதுக்குப் பதில் சொல்வது ரொம்பச் சுலபம். கேனானில் இது, நிக்கானில் இது, ரெண்டில் எது கைக்கு வாகா இருக்கோ அதை எடுத்துக்கோங்க என்று ரெண்டு வரியில் முடித்துவிடலாம். இன்றைக்கு அந்தப் பதில் செல்லாது. ஏனென்றால், அந்த விலையில் புதிதாக வரும் கேமராக்களே அரிதாகிவிட்டன.

என்ன ஆச்சு?

ஜப்பான் கேமரா நிறுவனங்களின் சங்கமான 'சிபா' ஒவ்வொரு வருஷமும் எத்தனை டிஜிட்டல் கேமராக்கள் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பின என்று கணக்குக் கொடுக்கும். 2010-ல் அது 12 கோடியைத் தாண்டியது. 2023-ல் சுமார் 77 லட்சம். பதினைந்து கேமரா விற்ற இடத்தில் இப்போ ஒன்றுதான் விற்கிறது. மீதியை யார் சாப்பிட்டது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போன்தான்.

விற்பனை சரிந்தால் விலையைக் குறைப்பார்கள் என்றுதானே நினைப்போம்? கேமரா கம்பெனிகள் நேர்மாறாகச் செய்தன. 'கம்மி விலை கேமரா வாங்குபவர் போனுக்குப் போய்விட்டார், இனி அவரைப் பிடிக்க முடியாது. ஆசையாக, தொழிலுக்காக வாங்குபவரிடம் கூடுதல் விலைக்கு விற்போம்' என்பதே அவர்கள் எடுத்த முடிவு. 2018-ல் நிக்கான் கொண்டுவந்த டி3500, அமெரிக்காவில் கிட் லென்ஸோடு 500 டாலர். நான்கே வருஷத்தில் அது நிறுத்தப்பட்டது. கேனானின் 1500டி வந்ததும் அதே 2018-ல்தான். அதற்கு அடுத்த மாடல் வரவேயில்லை. 2023-ல் கேனானின் புது மிரர்லெஸ் ஆர்50 வந்தபோது கிட் லென்ஸோடு 800 டாலர். அதைவிட மலிவாக 600 டாலருக்கு வந்த ஆர்100-ல் டச் ஸ்கிரீன்கூட கிடையாது. மூவாயிரம் ரூபாய் சாம்சங் பட்டன் போன் காலத்துக்குப் போய்விட்ட மாதிரி, ஸ்கிரீனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

ஆக, புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர் கால் வைக்கும் முதல் படிக்கட்டையே எடுத்துவிட்டார்கள். இந்த நேரத்தில் கடைக்குப் போய், "50,000-க்குள்ள புதுசா ஏதாவது கொடுங்க" என்று நின்றால், எதை வெட்டினால் விலை குறையும் என்று பார்த்து வெட்டிய கேமராதான் கைக்கு வரும். கேனான் 3000டி-யில் லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். 200டி மார்க் 2-ல் ஃப்ளாஷ் மாட்டும் இடத்தின் நடுவில் இருக்க வேண்டிய ஒரு சின்ன முனையை எடுத்துவிட்டார்கள். அதனால், நம்ம ஊர்க் கல்யாண போட்டோகிராபர்கள் பலர் வைத்திருக்கும் விலை குறைந்த வேறு கம்பெனி ஃப்ளாஷ்களும் டிரிகர்களும் அதில் மாட்டினால் எரியாது. விளம்பரத்தில் இருக்கும் மெகாபிக்ஸல் கணக்கில் இதெல்லாம் தெரியவே தெரியாது.

சரி, இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். நீங்கள் வாங்குவது கேமராவை அல்ல, ஒரு மவுன்ட்டை. அதாவது, லென்ஸ் மாட்டும் அந்த வளையத்தை. ஒரு கம்பெனியின் வளையத்தில் இன்னொரு கம்பெனியின் லென்ஸ் உட்காராது. பாடி நாலைந்து வருஷத்தில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் இருபது வருஷம் உழைக்கும். அதனால் முதல் கேமரா வாங்கும் நாளிலேயே, அடுத்த பல வருஷத்துக்கு எந்தக் கம்பெனியிடம் லென்ஸுக்காகப் போய் நிற்கப் போகிறோம் என்பதும் முடிவாகிவிடுகிறது. பிரின்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு இங்க்கில் காசு பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அதே வியாபாரம்.

நிக்கானின் எஃப் மவுன்ட் 1959-ல் வந்தது. கேனானின் இ.எஃப் மவுன்ட் 1987-ல். இத்தனை வருஷமாகச் செய்து குவித்த லென்ஸ்கள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் மலைபோலக் கிடக்கின்றன. 2018-ல் ரெண்டு கம்பெனியுமே மிரர்லெஸ்ஸுக்காகப் புது மவுன்ட்டுக்கு மாறின. கேனான் ஆர்.எஃப், நிக்கான் இசட். லென்ஸ்களும் புதுசு, விலையும் புதுசு. இதில் பாவப்பட்டவர்கள் யார் தெரியுமா? 2012-ல் கேனான் அறிமுகப்படுத்திய இ.எஃப்-எம் என்ற மவுன்ட்டை நம்பி வாங்கியவர்கள். 2023-ல் அந்த வரிசைக்கே மூடுவிழா. அந்த லென்ஸ்களைப் புது ஆர்.எஃப் கேமராவில் மாட்ட அடாப்டர்கூட இல்லை. நிக்கான் 1, சாம்சங் என்.எக்ஸ் கதையும் இதேதான். இன்றைக்கும் எம்50 மாதிரி கேமராக்கள் செகண்ட் ஹேண்டில் ஆசை காட்டும் விலைக்கு வருகின்றன. கேமரா மோசமில்லை. ஆனால், அந்தத் தெருவுக்கு மறுமுனை கிடையாது.

சோனி கொஞ்சம் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. தன் இ-மவுன்ட்டின் அடிப்படைத் தொழில்நுட்ப விவரங்களை 2011-லேயே மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. சிக்மா, டாம்ரான் தொடங்கி சீனக் கம்பெனிகள் வரை போட்டி போட்டு லென்ஸ் செய்கிறார்கள். போட்டி இருந்தால் விலை அடங்கும். கேனானோ 2022-ல், தன் ஆர்.எஃப் மவுன்ட்டுக்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் செய்துகொண்டிருந்த சீனாவின் வில்ட்ராக்ஸ் கம்பெனியை நிறுத்தச் சொன்னது. 2024-ல்தான் சிறிய சென்சார் கேமராக்களுக்கான லென்ஸ்களைச் செய்ய சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் கதவைக் கொஞ்சம் திறந்தது. கடையில் எந்த ஃபோட்டோ அழகாக இருக்கிறது என்று ஒப்பிடுவதைவிட, இந்தக் கதவு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்ப்பது உங்கள் பர்ஸுக்கு நல்லது.

கிட் லென்ஸ் என்னும் மாயை

கேமராவோடு 'இலவசம்' மாதிரி வருமே ஒரு சின்ன லென்ஸ், 18-55 எம்.எம். பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிப் போவதே இல்லை. அங்கேதான் ஏமாற்றம் ஆரம்பிக்கிறது. வளைகாப்பு வீடு, ஒரே ஒரு டியூப்லைட், பத்துக்குப் பன்னிரண்டு ஹால். அக்கா போனில் எடுக்கிறார், பளிச்சென்று வருகிறது. நீங்கள் 50,000 ரூபாய் கேமராவில் எடுக்கிறீர்கள், இருட்டாக, புள்ளிபுள்ளியாக, கை ஆடினதுபோல வருகிறது. "இதுக்கா இவ்ளோ காசு?" என்று வீட்டில் ஒரு வார்த்தை வரும். கேமரா பீரோவுக்குள் போகும். அப்புறம் வெளியே வராது.

நடப்பது இதுதான். போன் ஒரே நொடிக்குள் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாக்கிச் சரிசெய்து கொடுக்கிறது. கேமரா அந்த வித்தையைச் செய்யாது, வெளிச்சத்தை நம்பித்தான் இருக்கிறது. வெளிச்சம் லென்ஸின் வாய் வழியாகத்தான் வர வேண்டும். அந்த வாயின் அளவைத்தான் எஃப் 1.8, எஃப் 5.6 என்று எழுதியிருப்பார்கள். எண் சின்னதாக இருந்தால் வாய் பெரிது. கிட் லென்ஸை முழுவதுமாக ஜூம் செய்தால் எஃப் 5.6. கேனானின் புது மிரர்லெஸ் கேமராக்களோடு வரும் 18-45 எம்.எம் லென்ஸில் அது எஃப் 6.3. சாதாரண 50 எம்.எம் எஃப் 1.8 லென்ஸ், இந்த 6.3-ஐவிடச் சுமார் 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆமாம், பன்னிரண்டு மடங்கு. எந்தப் புது பாடியும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது.

எனவே, 50,000 ரூபாயையும் பாடியில் கொட்டிவிட்டு லென்ஸுக்குக் கணக்குப் பார்ப்பது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதைதான். கையில் இருக்கும் பணத்தில் முதலில் லென்ஸுக்கு ஒதுக்குங்கள். மிச்சத்தில் என்ன பாடி கிடைக்கிறதோ, அது போதும்.

எந்த லென்ஸ்? எல்லாரும் 50 எம்.எம் என்பார்கள். நானும் சொல்வேன், ஒரு எச்சரிக்கையோடு. பட்ஜெட் கேமராக்களில் சென்சார் சின்னது. கேனானில் 1.6 மடங்கு, நிக்கானிலும் சோனியிலும் 1.5 மடங்கு கிட்டத்தில் பார்க்கும். 50 எம்.எம் மாட்டினால் 80 எம்.எம் மாதிரி நடந்துகொள்ளும். ஒரு முகத்தை எடுக்க அற்புதம். ஆனால் நம்ம வீட்டு ஹாலில் நாலு பேரை எடுக்கப் பின்னால் போய்ப் போய்ச் சுவரில் முட்டிக்கொள்வீர்கள். குடும்பம், தெரு, கோயில் திருவிழா என்று எடுக்கப்போகிறவருக்கு நிக்கானின் டி.எக்ஸ் 35 எம்.எம் எஃப் 1.8, சோனிக்கு சிக்மாவின் 30 எம்.எம் எஃப் 1.4 மாதிரியானவை பொருத்தம். கேனானில் 24 எம்.எம் எஃப் 2.8 ஒன்று உண்டு, பிஸ்கட் கனத்தில் இருக்கும்.

நிக்கான் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு பள்ளம் காத்திருக்கிறது. டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 எம்.எம் 1.8டி-யை வாங்கி மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. பெயரில் 'ஏ.எஃப்-எஸ்' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மோட்டார் உள்ள டி7000 வரிசையாக இருந்தால் கவலையில்லை.

இப்போ அந்த விஸ்காம் பொண்ணுக்கு வருவோம். போட்டோதான் முக்கியம் என்றால், கம்பெனிகள் கைவிட்ட டி.எஸ்.எல்.ஆர்-தான் இன்றைக்கு அவளுக்கு லாபம். எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் நிக்கான் டி5600, டி7200, கேனான் 80டி எல்லாம் செகண்ட் ஹேண்டில் இறங்கிவந்து நிற்கின்றன. ஷட்டர் வேகம், அபெர்ச்சர், ஐ.எஸ்.ஓ எல்லாம் கற்றுக்கொள்ள இவற்றுக்கு மேல் ஒன்றும் தேவையில்லை. வீடியோதான் முக்கியம் என்றால் கதை வேறு, மிரர்லெஸ்ஸுக்கே போங்கள். ஆனால் சோனி இசட்.வி-இ10, நிக்கான் இசட்30 போன்றவற்றில் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இல்லை. சித்திரை வெயிலில் வெளியே நின்று ஸ்கிரீனைப் பார்த்து எடுத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

பிறந்தநாள், சுற்றுலாவுக்கு மட்டும்தான் என்றால் கேமராவே வேண்டாம். போன் போதும். இன்ஸ்டாகிராமில் பழைய 'டிஜிகேம்' மோகம் ஓடுகிறதே என்றால், காசு கொடுப்பதற்கு முன் வீட்டு அலமாரியைத் தேடுங்கள். 2010 வாக்கில் வாங்கிய ஒன்று சார்ஜரோடு அங்கேயே கிடக்கும்.

கல்யாண ஆர்டர் எடுத்துத் தொழிலாக்கலாம் என்று தவணையில் கேமரா வாங்கும் தம்பிகளிடம்தான் கொஞ்சம் உரிமையோடு பேச வேண்டியிருக்கிறது. இ.எம்.ஐ-க்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. ஒவ்வொரு மாசமும் ஐந்தாம் தேதி வந்து நிற்கும். முதல் சில ஆர்டர்களுக்கு கேமராவை வாடகைக்கு எடுங்கள். வாடகை போக மிஞ்சுகிறதா என்று பாருங்கள். வாங்கும்போது ரெண்டு மெமரி கார்டு போடும் வசதி உள்ள பாடியாகப் பாருங்கள். பட்ஜெட் கேமராக்களில் பெரும்பாலும் ஒரே கார்டுதான். அந்த ஒரு கார்டு கெட்டுப்போனால், தாலி கட்டுவதைத் திரும்ப ஒருமுறை கட்டச் சொல்லி எடுக்க முடியுமா?

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகும்போது, செல்போன் டார்ச்சும் ஒரு மெமரி கார்டும் எடுத்துக்கொண்டு போங்கள். பில் கேளுங்கள். பில் இல்லாமல் 'வெளிநாட்டு பீஸ்' என்று தரப்படும் புது கேமரா மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம், 18 சதவிகித ஜி.எஸ்.டி அதில் சேரவில்லை என்பது. கூடவே இந்திய வாரன்டியும் சேராது. நிக்கானாக இருந்தால் ஒரு படம் எடுத்து, அந்த ஜேபெக் ஃபைலின் விவரங்களைத் திறந்து பார்த்தால் இதுவரை எத்தனை முறை ஷட்டர் விழுந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். கேனான் அந்த எண்ணை பெரும்பாலும் படத்தில் எழுதுவதில்லை. அதில் ரப்பர் பிடியின் தேய்மானத்தையும் பட்டன்களின் எழுத்தையும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். எஃப் 16-ல் வைத்து வானத்தை ஒரு படம் எடுங்கள். சென்சாரில் தூசி இருந்தால் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். தூசி என்றால் பரவாயில்லை, துடைத்துவிடலாம்.

லென்ஸில் மட்டும் இரக்கம் பார்க்காதீர்கள். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி ஈரக்காற்று ஊர்களில் பூஞ்சைதான் லென்ஸுக்கு முதல் எதிரி. பின்பக்க மூடியைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து, மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி, மரவேர் மாதிரி வெள்ளையாகக் கோடுகள் ஓடினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வாங்கிய லென்ஸைத் தோல் பைக்குள் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள், பூஞ்சைக்கு அதுதான் சொர்க்கம். காற்றுப் புகாத ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகள், நூறு இருநூறு ரூபாயில் ஒரு ஈரப்பத மீட்டர். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் புதுசு போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை டப்பாவைத் திறந்து பாருங்கள்.