பெற்றோரை உடன்வைத்திருக்கும் உரிமை

ஜூபிலி மலரொன்றிலே கல்லூரியின் பழம்பெருமை பேசப்படுதல் மரபு. அதனை எம்மினும் தகுதிவாய்ந்த அன்பர் பலர் இம்மலரிலே செவ்வனே செய்திருப்பர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் விழாக்கோலத்துக்கு அத்துணைப் பொருத்தமானதன்று. எனினும் இக்கல்லூரியிற் கற்றுத் தேறியவர் பலருடைய வீட்டிலே, தகரப் பெட்டியின் அடியிலோ அலுமாரித் தட்டிலோ, அது மஞ்சள் நிறமேறிய தாள்களாகக் கிடக்கின்றது. முதுமையடைந்த தாயோ தந்தையோ தம் மக்களுடன் இந்நாட்டிலே நிலையாகத் தங்குவதற்கு அரசினரிடம் அனுமதி வேண்டும் விண்ணப்பத்தையே குறிப்பிடுகின்றோம்.

நாமறிந்த குடும்பமொன்றின் நிலையைக் கூறுவோம். கலஹாவுக்கு அணித்தான தோட்டமொன்றிலே 1937ஆம் ஆண்டிற் பிறந்தவர் ஒரு மூதாட்டியார். தம் மூத்த மகளை, இலங்கைப் பிரசாவுரிமை பெற்ற குடும்பமொன்றிலே 1973இல் மணஞ்செய்து கொடுத்தார். மறு ஆண்டிலே கணவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்து சேர்ந்தது. மகளை இங்கு விட்டு, இளைய மக்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு, கண்டிப் புகையிரத நிலையத்திலே வண்டியேறித் தலைமன்னார் சென்று கப்பலேறினார். தாயகம் திரும்புவோரைக் குடியமர்த்துதற்கெனத் தமிழ்நாட்டரசு 1968இல் நீலகிரியிலே தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றிற் கொழுந்து பறித்தார். கணவர் காலமாயினார், ஆண்மக்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். இன்று அவர் கண்டியிலே மகள் வீட்டில் இருக்கின்றார். வருகை விசாவில் இருக்கின்றார். தலதா மாளிகையையும் பேராதனைப் பூந்தோட்டத்தையும் காணவரும் அந்நிய நாட்டார்க்கு எந்த முத்திரையோ அதே முத்திரைதான் கலஹாவிற் பிறந்த இவருக்கும். அவர் பேரன் எம்மிடம் தமிழ் கற்றவன். விசா நீடிப்புப் பத்திரத்தை நிரப்ப எம்மிடங் கொணர்ந்தபோது, 'வருகையின் நோக்கம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று வினவினான். 'சாகும்வரை மகளுடன் இருத்தல்' என்பதே உண்மையான விடை. அவ்விடைக்கு அந்தக் கட்டத்திலே இடமில்லை.

இந்நிலை எவ்வாறு வந்தது என்பதை இளைய பழைய மாணவர் அறிந்திருத்தல் நன்று. 1948ஆம் ஆண்டு நவம்பர் 15ஆந் திகதி நடைமுறைக்கு வந்த பிரசாவுரிமைச் சட்டம், அத்திகதிக்கு முன் இலங்கையிற் பிறந்தவனிடம் உன் தந்தை எங்கே பிறந்தார் என்று கேட்டது. தந்தை இலங்கையிற் பிறக்கவில்லையாயின், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தமையைக் காட்டவேண்டும். மகனுக்குரிமை வேண்டுமாயின் தந்தையின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் வேண்டும். கோப்பிக் காலத்திலே மாத்தளை வழியாக நடந்துவந்தவர்களுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் எவர்? லயத்திலே பிறந்த குழந்தையின் வயதைப் பெரட்டுக்களத்திலே ஆளின் உயரத்தைப் பார்த்துக் கணக்கிட்ட காலம் அது.

அடுத்து 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் வதிவோர் சட்டம் வந்தது. மணமானவர் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இங்கு வசித்திருத்தல் வேண்டும். ஒருமுறை பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நாட்டைவிட்டு அகன்றால் தொடர்ச்சி அறுந்துபோம். எம் உள்ளத்தைப் பெரிதும் வருத்துவது இவ்விடமே. தோட்டத்து உழைப்பாளி ஒருவன் எதற்காக இந்தியா சென்றான்? பெரும்பாலும் நோயுற்ற தாயைப் பார்க்கவும், தந்தைக்குக் கொள்ளிவைக்கவும், வீட்டிற் பிரிவினை செய்யவுமே சென்றான். மாதந்தோறும் எதற்காகப் பணம் அனுப்பினான்? கிராமத்திலிருந்த முதியோர் கஞ்சிக்கு அனுப்பினான். அவ்வாறு அனுப்பிய பணம், இந்நாட்டில் நிலைத்து வாழும் எண்ணம் அவனுக்கு இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டதும் உண்டு. ஔவையாரின் கொன்றைவேந்தனை முதல் வகுப்பிலே மனனஞ் செய்விக்கும் எமக்கு, பெற்றோரைப் பேணிய குற்றத்துக்காக ஒருவன் நாடற்றவனானான் என்பது சீரணிக்க அரிதாக இருக்கின்றது.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் அச்சட்டத்தைப் பகிஷ்கரித்தது. பின்னர் மனம் மாறியது. 1951 ஆகஸ்ட் 5ஆந் திகதி காலக்கெடு முடியுமுன் விண்ணப்பங்கள் வெள்ளம்போல் வந்து குவிந்தன. ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. பத்தாண்டுக்கு மேலாக நடந்த விசாரணையின்பின் உரிமை பெற்றவர் 134,000 பேர் அளவினரே. எஞ்சியோரை இரு நாட்டுத் தலைவர்களும் 1964 அக்டோபர் 30ஆந் திகதி எண்ணிப் பங்கிட்டனர்: 975,000 பேரில் இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, பின்னர்ப் பார்த்துக்கொள்வதற்கு 150,000. அப்பின்னதும் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. குடும்பங்கள் அவ்வாறு சரிபாதியாகப் பிரியக்கூடியவை அல்ல. தாய் ஒரு பட்டியலிலும் மணமான மகள் மறுபட்டியலிலுமாயினர். அவர்களை ஏற்றிச்சென்ற புகைவண்டியை மலைநாட்டு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தனர். 1984இற் கப்பற்சேவை நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போகமுடியாமல் இங்கேயே தங்கிவிட்டவரும் பலர்.

இத்துன்பக் கதையிலே நாம் மகிழ்ந்து கூறத்தக்க ஓர் அத்தியாயமும் உண்டு. 2003ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய 35ஆம் இலக்கச் சட்டமே அது. 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசித்தவர்க்கும் இங்கு வசிக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அச்சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. சான்று தேடி அலையவிடாது, கையொப்பமிட்ட பிரகடனத்தை ஏற்றுக்கொண்டமையே அதன் சிறப்பு. தோட்டந்தோட்டமாகத் தொண்டர்கள் சென்று பத்திரம் நிரப்பிக் கொடுத்தனர். பத்தே நாட்களில் ஏறத்தாழ 190,000 பேர் பிரசைகளாயினர். பத்திரங்களைக் கேட்டு அரை நூற்றாண்டாக அவிழ்க்கமுடியாத முடிச்சு, வாய்ச்சொல்லை நம்பியதும் பத்து நாளில் அவிழ்ந்தது! 2009இலே சட்டம் மேலும் திருத்தப்பட்டு, போர்க்காலத்தில் இந்தியாவுக்கு அகதிகளாகச் சென்றோர்க்கும் வழி திறக்கப்பட்டது.

அவ்வழியிலே நாம் மேற்கூறிய மூதாட்டியார் போன்றோர் நுழைய முடியாது. ஒப்பந்தத்தின்படி கப்பலேறிய நாளோடு அவர்களது தொடர்ச்சியான வதிவு அறுந்தது. இப்பொழுது அவர்கள் இந்தியப் பிரசைகள். நீண்டகால வதிவிட விசா கிடைத்தாலும் அதுவும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கவேண்டியதே. 1954ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ் இங்குத் தங்கிய இந்தியர்க்கெனத் தனி வதிவிட விசா வகையொன்றை நம் அரசினர் ஏற்படுத்தியிருக்கின்றனர் என்பது பலர் அறியாத செய்தி. நேருவும் கொத்தலாவலையும் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழிவந்தவர்க்கு ஒரு வகை இருக்கலாமாயின், 1964இன் ஒப்பந்தத்தாற் பிரிக்கப்பட்ட தாய்மார்க்கும் ஒரு வகை ஏன் இருத்தலாகாது?

எம் கருத்து இதுவே. இலங்கையிற் பிறந்து, அல்லது 1964க்கு முன் இங்கு வாழ்ந்து, ஒப்பந்தங்களின்படி இந்தியா சென்றவர் எழுபது வயதைக் கடந்தவராயிருந்து, இலங்கைப் பிரசையான மகனோ மகளோ பேரப்பிள்ளையோ பேணுவதற்கு இசைந்தால், ஆயுட்காலம் முழுவதற்குமான வதிவுரிமையை ஒரே பிரகடனத்தின்மேல் வழங்கவேண்டும். புதுப்பித்தல் என்னும் பேச்சே கூடாது. தொண்ணூறை அண்மிய ஒருவரை ஆண்டுக்காண்டு அலுவலகப் படியேறச் செய்வதில் எந்த நாட்டின் பாதுகாப்பும் அடங்கியில்லை.

இதற்கு அரசினரின் சொந்தச் சட்டமே துணைநிற்கின்றது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் தம் பெற்றோரை வேண்டுமென்று கைவிடலாகாது என்றும், அவர்களைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என்றும் விதிக்கின்றது. இந்தியாவும் 2007இல் இத்தகைய சட்டத்தை இயற்றியிருக்கின்றது. தாயைப் பேணாவிட்டால் மகள் குற்றவாளி என்று இரு நாடுகளுஞ் சொல்லும். பேண முற்பட்டால் முதலில் விசாவைக் காட்டு என்று இடையிலே கடல் சொல்லும். கடமையை விதிப்பவர், அதனைச் செய்வதற்குரிய வாயிலையுந் திறந்துவைத்தல் முறையன்றோ?

மறுப்புரைகளை நாம் அறியாதவரல்லேம். வந்தேறும் முதியோர் இலவச வைத்தியசாலைகளுக்குப் பாரமாவர் என்பது ஒன்று. இம்மூதாட்டியார் சிறுவயது முதல் முப்பத்தேழாவது வயதுவரை கொழுந்து பறித்தது இந்நாட்டு ஏற்றுமதிக்கே. அந்தத் தேயிலைப் பணத்திலே பங்குபெறாத வைத்தியசாலையும் பாடசாலையும் இந்நாட்டில் எங்கே இருக்கின்றன? பொய்ப் பிரகடனங்கள் பெருகும் என்பது மற்றொன்று. இதிலே ஓரளவு உண்மையுண்டு. எந்தச் சலுகையையும் தவறாகப் பயன்படுத்துவோர் இருப்பர். எனினும் 1964க்கு முன் இங்கு வாழ்ந்தவர் என்று பொய்கூறுதற்கு முதலில் அவ்வயதினராயிருத்தல் வேண்டும். அத்தகையோர் தொகை ஆண்டுதோறும் தானாகவே குறைந்துவருகின்றது.

எமது தொழில் தொடர்பான ஒன்றையும் இங்கே கூறவேண்டும். இவ்விண்ணப்பங்கள் பலவற்றைத் தடுத்து நிறுத்துவது சட்டமன்று, எழுத்து. 'கறுப்பாயி' என்னும் பெயரை எடுத்துக்கொள்க. தோட்டத்துச் செக்றோலிலே அது ஆங்கில எழுத்தில் ஒருவகையாகப் புகுந்தது. மகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலே வேறொருவர் அதனை வேறுவகையாக எழுதினார். இந்தியக் கடவுச்சீட்டிலே அது 'கருப்பாய்' ஆயிற்று. குடும்ப அட்டையிலே 'கருப்பாயம்மாள்' ஆயிற்று. ரகர றகர வேறுபாடு எமக்கு இலக்கணம்; அலுவலர்க்கு அது இரண்டு ஆட்கள். இன்னும், ஒரு பத்திரத்திலே பெயரின்பின் தந்தையின் பெயர், மறுபத்திரத்திலே கணவரின் பெயர். ஒரே பெண்ணை நான்கு பெண்களாக்கிய பின்னர், இந்நால்வரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துவருமாறு சொல்லப்படுகின்றது. தமிழ் கற்பிக்கும் எம்போன்றோர் வாரத்தில் ஒரு நாழிகையை இதற்குக் கொடுத்தால், வகுப்பிலே நடத்தும் பதினைந்து பாடங்களுக்கு அது ஈடாகும் என்றே எண்ணுகின்றோம்.

கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவர்க்கு இப்பொருள் புதிதன்று. கனடாவிலே பெற்றோரை நிரந்தர வதிவோராக அழைப்பவர் மூன்றாண்டு வருமானத்தைக் காட்டி, கியூபெக் ஒழிந்த மாகாணங்களில் இருபதாண்டுக்குத் தாமே பொறுப்பென்று ஒப்பமிடவேண்டும். அது கிட்டாதோர்க்கென 2011இலே 'சூப்பர் விசா' என ஒன்றை அந்நாட்டரசு ஏற்படுத்தியது. இப்பொழுது அதன்படி ஒரு வருகையில் ஐந்தாண்டுவரை தங்கலாம். பிரித்தானியாவோ 2012 ஜூலைமுதல் வாயிலை ஏறக்குறைய அடைத்தேவிட்டது. பிறர் துணையின்றி அன்றாடக் கருமங்களையே செய்யவியலாதவராயும், பணங் கொடுத்தாலும் சொந்த நாட்டிலே அத்துணை கிடையாதவராயும் இருக்கும் பெற்றோரே அங்குச் செல்லலாம். அத்துணை நோயுற்றவர் விமானம் ஏறுவது எங்ஙனம் என்று நாம் வினவினால், அது எம் அறியாமை போலும்! ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நம்மவர் இவ்விதிகளைக் கண்டு மனங்கொதிக்கின்றனர், அது நியாயமே. தாம் பிறந்த கண்டியிலே அதே வாயிலின் முன் நிற்கும் மூதாட்டியரையும் அவர்கள் நினைத்தல்வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாயின் தோட்டத்துப் பிறப்பை மறைத்து, 'யாழ்ப்பாணப் பக்கம்' என்று சொல்லிக்கொள்ளும் பெரிய உத்தியோகத்தர் சிலரை நாமறிவோம். 'கள்ளத்தோணி' என்னும் இழிசொல் வீதியிலே வழங்கிய காலத்தில் அம்மறைப்புக்குக் காரணம் இருந்தது. இப்பொழுது அது வெறும் வழக்கமாகிவிட்டது. தாயின் பழைய துண்டையும் கடவுச்சீட்டையும் வெட்கத்தினாலே எரித்துவிட்டுப் பின் சான்று தேடி ஓடிவந்தவரும் உண்டு.

பழைய மாணவர் சங்கத்திலே சட்டத்தரணிகளும் சமாதான நீதவான்களும் அதிபர்களும் இருக்கின்றனர். மும்மொழியும் எழுதவல்லார் பலர். மாதத்தின் முதற் சனிக்கிழமை முற்பகல் கல்லூரி மண்டபத்திலே ஒரு மேசையிட்டு இவ்விண்ணப்பங்களை எழுதிக்கொடுக்கலாம் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கின்றோம். வருவோர் பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், பழைய கடவுச்சீட்டு, தோட்டத்துப் பிரசவப் பதிவு, பாடசாலைச் சேர்வுப் பதிவு, கோயிற் கலியாணப் பதிவு என எது கிடைத்தாலும் கொணர்தல் வேண்டும். ஒன்றுமில்லாதவர், அக்காலத்தை நினைவுகூரவல்ல அயலவர் ஒருவரை அழைத்துவரட்டும். முதியவரை அலைக்கழிக்க வேண்டுவதில்லை. நடக்கவியலாதவர் வீட்டுக்கு நாமே செல்வோம். கலஹா, ஹந்தானை, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலைப் பகுதிகளில் இருக்கும் அன்பர்கள், தத்தம் அயலிலே இத்தகையோர் எத்தனை பேர் என்பதை அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் எமக்குத் தெரிவிப்பார்களாக.