கார்த்திகை மனசும் மாசி மனசும்

சம்பா நட்டு முடிந்து, அறுப்புக்கு இன்னும் மாதங்கள் கிடக்கிற ஐப்பசி, கார்த்திகையில் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும் எந்தத் தீர்ப்பையும் நான் நம்புவதில்லை. "புத்தி மழுங்கிப்போச்சு", "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று அப்போது சொன்னவர்கள், மாசியில் வேறு ஆளாகப் பேசக் கேட்டிருக்கிறேன். அம்மாபேட்டை பக்கம் ஒரு கூட்டுறவு சொசைட்டியில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவள் நான். எங்கள் வீட்டிலும் விவசாயம்தான்.

கார்த்திகையில் நகைக்கடனுக்கு வந்து நிற்பார் ஒருவர். "சர்வே நம்பர் சொல்லுங்கண்ணே" என்றால், "இரு தங்கச்சி..." என்று நெற்றியைத் தேய்ப்பார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய நம்பர் அது. தேதி எழுத வேண்டிய இடத்தில் கையெழுத்தைப் போடுவார். கொண்டுவந்த பையை பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி வருவார். உரக்கடை பாக்கி, பையனின் காலேஜ் ஃபீஸ், வடிகாலில் மண்டிக் கிடக்கிற ஆகாயத்தாமரை, ராத்திரி மழை வந்தால் பயிர் மூழ்குமா என்ற கவலை எல்லாம் அவருக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதே மனிதர் மாசியில் நெல் போட்ட பணம் பாங்கில் ஏறியதும் வருவார். கம்ப்யூட்டர் ரசீது கக்குவதற்குள் அசல், வட்டியை வாயாலேயே கூட்டிச் சொல்லிவிடுவார். பக்கத்தில் நிற்பவருக்குப் படிவமும் நிரப்பிக் கொடுப்பார்.

நான் கண்ணால் பார்த்துப் பழகியதை அறிவியல் அளந்தும் பார்த்திருக்கிறது, அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் எழுதி, 2013 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு அது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளைக் கரும்பு வெட்டுவதற்கு முன் ஒருமுறையும், வெட்டிப் பணம் வந்தபின் ஒருமுறையும் சோதித்தார்கள். வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேரின் பொருள் ஏதாவது ஒன்று அடகில் இருந்தது. வெட்டிய பின் 4 பேருடையது மட்டுமே. படத்தில் விட்டுப்போன துண்டைக் கண்டுபிடிக்கும் சோதனையில், வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 விடைகள் சரி, பின்னர் 5.45. ஆளும் அதே ஆள், படிப்பும் அதே படிப்பு.

பருவமோ பண்டிகையோ காரணமாக இருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். கரும்பில் அந்தச் சந்தேகம் நிற்காது. ஆலை கட்டிங் ஆர்டர் கொடுக்கும் நாள் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே மாதத்தில் ஒருவருக்கு வெட்டு முடிந்திருக்கும், பக்கத்து வயல்காரர் காத்துக்கொண்டிருப்பார். கணக்கிட்ட முறை பற்றி ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு விவாதித்தார்கள். சொசைட்டியில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஆய்வின் மையக் கருத்தில் சந்தேகமே இல்லை.

பற்றாக்குறையில் மனசு ஓயாமல் கணக்குப் போடுகிறது. ஒரே மதகைத் திறந்து நாலு வாய்க்காலுக்குத் தண்ணீர் விட்டால் கடைமடைக்கு எட்டுமா? மறதி, தடுமாற்றம், குழந்தை பென்சிலைத் தொலைத்ததற்குக் கை ஓங்குவது எல்லாம் அந்தக் கடைமடையில்தான் நடக்கின்றன. இதை நாம் குணம் என்று பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம். "அவரு எப்பவும் இப்படித்தான்" என்று வீட்டிலேயே சொல்கிறோம். எப்பவும் இல்லை. போன பங்குனியில் அவர் எப்படி இருந்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நான் வற்புறுத்திச் சொல்வேன்: நிலத்தை விற்பது, பாகப்பிரிவினை, பெண்ணுக்கு அவசரக் கல்யாணம், கந்துவட்டிக்காரரிடம் பத்திரம் எழுதிக் கொடுப்பது எதையும் தவிர்க்க முடிந்தால் கார்த்திகையில் முடிவு செய்யாதீர்கள். தவிர்க்க முடியாதென்றால், அந்தக் கடனில் சிக்காத ஒருவரை, அக்காவையோ மச்சானையோ, பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். கையெழுத்தை மறுநாள் காலையில் போடுங்கள்.

நிலம் இருப்பவருக்கு மாசி என்று ஒன்று வருகிறது. குழு லோன் வாங்கிய கூலிக்காரப் பெண்ணுக்கு அதுவும் கிடையாது. வாரத் தவணை கட்டி முடித்த மறுநாளே அடுத்த வாரத்துக்கான எண்ணம் தொடங்குகிறது. நடவு இல்லாத வாரத்திலும் தவணை உண்டு. வருஷம் பூராவும் கார்த்திகையாகவே இருக்கிற மனசு அது. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025இல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது, நல்ல காரியம். மிரட்டாமல் வாங்கினாலும் வாரத் தவணை வாரத் தவணைதான். டெல்டாவில் கூலி வரும் மாதங்களைப் பார்த்துத் தவணை போட வேண்டும் என்பது என் கோரிக்கை.

எல்லாவற்றையும் பருவத்தின் தலையில் போட்டுவிடவும் கூடாது. 2016இல் மழை பொய்த்து சம்பா கருகியபோது மாசியும் வரவில்லை. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவிக்கும் முன்பே டெல்டாவில் சாவுகள் விழுந்துவிட்டன. பணம் வந்தும் தூக்கம் வராதவர், யாரோடும் பேசாதவர், "நான் இல்லேன்னா நல்லாருக்கும்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னவர் யாராக இருந்தாலும் அறுவடைக்குக் காத்திருக்கக் கூடாது. பூச்சிமருந்து டப்பாவை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் 104இலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறுத்ததும் பாரம் இறங்கிவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வருமா என்று வானத்தைப் பார்த்துக் கிடக்கிற ராத்திரிகளும் காத்திருப்புதான். அந்த ராத்திரிகளைக் குறைக்கிற ஒவ்வொரு சாக்கும் ஒவ்வொரு லாரியும் மனநல உதவி என்றே சொல்வேன்.

சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்யப் பெரும்பாலும் நவம்பர் 15தான் கெடு. சரியாக மனசு தடுமாறும் அந்த நாட்களில் சிட்டா, அடங்கல், ஆதார், பாங்க் புத்தகம் என்று அலையவிடுகிறோம். பட்டாவில் ஒரு இனிஷியல், ஆதாரில் ஒரு இனிஷியல் என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. விதைப்பைக் காட்டும் அடங்கலை அப்போதுதான் வாங்க முடியும், சரி. பெயர்த் திருத்தமும் வாரிசு மாற்றமும் பாங்க் இணைப்பும் அதுவரை காத்திருப்பானேன்? கையில் காசும் தலையில் தெளிவும் இருக்கிற சித்திரை, வைகாசியில், ஜமாபந்தி நடக்கும்போதே வேளாண்மைத் துறை, சொசைட்டி, பாங்க் மூவரையும் கிராமத்துக்கே அழைத்து முகாம் போட்டு, அந்தக் காகிதங்களை முடித்துக் கொடுங்கள்.