செவிலியரின் மேற்படிப்பும் அரசு எண்ணும் மணிகளும்

பெறுநர்: செயலாளர் அவர்கள், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, தமிழ்நாடு அரசு, சென்னை.

பொருள்: காட்டுப்பள்ளி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி வட்டாரச் செவிலியர்களின் தொடர்கல்வி.



வேலையில் சேர்ந்துவிட்ட செவிலியர் மறுபடி படிப்பதற்குப் பல வழிகள் உள்ளன. ஜி.என்.எம். பட்டயம் பெற்றவர் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் படித்து பி.எஸ்ஸி. பட்டதாரியாகலாம். வேலையை விட முடியாதவர்களுக்காக இதையே மூன்றாண்டுப் படிப்பாக இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994-இல் தொடங்கியது. தீவிர சிகிச்சை, புற்றுநோய், பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு, அவசர சிகிச்சையும் பேரிடரும் என ஓராண்டு சிறப்புப் பட்டயங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மேல் எம்.எஸ்ஸி.யும் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் உண்டு. ஓரிரு நாளில் முடிந்து, இரண்டாண்டில் காலாவதியாகும் பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். உயிர்காப்புச் சான்றிதழ்கள் தனி.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் செவிலியரைத் தூண்டுவது எது என்று கேட்டால் முதலில் வரும் விடை வருமானம். அது பொய்யில்லை. வளைகுடாவுக்குப் போக அந்தந்த நாட்டின் உரிமத் தேர்வு, இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு படிப்பு இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே செவிலியருக்கு ஜெர்மன் மொழி கற்பித்து அனுப்புகிறது. உள்ளூரில் தங்கிவிட்டவர்களுக்கு நர்சிங் கல்லூரி ஆசிரியர் பணி ஓர் இலக்கு. அதற்குப் பட்டம் வேண்டும். இரவு டியூட்டி உடம்புக்கு ஒத்துவராத வயதில் அந்த இலக்கின் மதிப்பு கூடுகிறது. ஆனால் வார்டிலேயே நீடிப்பவருக்குக் கூடுதல் படிப்பால் பெரும்பாலும் ஒன்றும் மாறுவதில்லை. மேல்பதவி பணிமூப்பைப் பார்த்து வருகிறது, படித்தவரும் படிக்காதவரும் அதே டியூட்டி பார்க்கிறார்கள். இந்த நிலையிலும் படிக்கிறவர்கள் இருப்பதே ஆராய வேண்டிய விஷயம்.

இரண்டாவது தூண்டுதல் செவிலியர் பதிவு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்தது. நோக்கம் நல்லது. நடைமுறையில் இது மணிக்கணக்காகச் சுருங்கிவிடுகிறது. அரங்கில் உட்கார்ந்திருந்த நேரம் எண்ணப்படுகிறது. கேட்டது வார்டில் பயன்பட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. கட்டாயத்தால் வருகைப் பதிவேடு நிரம்பும், அவ்வளவுதான்.

கற்கும் பெரியவர்களை அமெரிக்கக் கல்வியாளர் சிரில் ஹூல் 1961-இல் மூன்று வகையாகப் பிரித்தார். ஒரு குறிக்கோளை அடையப் படிப்பவர், கூடிப் பழகவும் அன்றாடத்திலிருந்து விலகியிருக்கவும் வகுப்புக்கு வருபவர், அறியும் ஆவலால் படிப்பவர் என்பவை அவை. அவர் பேசிப் பார்த்தது 22 பேரிடம்தான். ஆனாலும் வகைப்பாடு நிலைத்தது. செவிலியர் விஷயத்தில் நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது: தெரியாமல் போய்விடுமோ என்ற அச்சம். அடுத்த ஆம்புலன்ஸில் வரப்போவது இதுவரை பார்த்திராத காயமாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி, அந்த டியூட்டியில் நிற்பவரை விட்டுப் போவதில்லை.

காட்டுப்பள்ளி வட்டாரத்தில் அந்தக் கேள்வி நாள்தோறும் எழும் அளவுக்குத் தொழில்கள் நெருங்கி நிற்கின்றன. துறைமுகம், அதை ஒட்டிக் கப்பல் கட்டும் தளம், 2010-இல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, தெற்கே அத்திப்பட்டை ஒட்டி அனல்மின் நிலையங்களும் காமராசர் துறைமுகமும், வடமேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். 500 தொழிலாளருக்கு மேல் உள்ள தொழிற்சாலையில் மருத்துவ, செவிலியப் பணியாளர்களோடு ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. நைட் ஷிஃப்டில் இத்தகைய அறைகளில் முதல் முடிவை எடுப்பவர் பெரும்பாலும் செவிலியர்தான். வெல்டிங் ஒளி பட்டவருக்குக் கண்ணெரிச்சல் சில மணி நேரம் கழித்தே தொடங்கும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனபின் துடிப்பார். கப்பலின் மூடிய தொட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்து விழுந்தவரைத் தூக்க உள்ளே குதித்தவரும் விழுவார். துண்டான விரலை நேரே ஐஸில் போட்டால் திசு கெடும். ஈரத்துணியில் சுற்றிப் பையிலிட்டு, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். ஜி.என்.எம். பாடத்திட்டம் பொது மருத்துவமனை வார்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இவை அதில் ஓரத்தில்கூட இடம்பெறுவது அரிது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அம்மோனியா பட்ட கண்ணைக் குறைந்தது கால் மணி நேரம் இடைவிடாமல் கழுவ வேண்டும், ஆடையைக் களைய வேண்டும், இப்போது நன்றாக மூச்சு விடுபவருக்கும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம் என்பதால் உடனே அனுப்பிவிடக் கூடாது. இவற்றை அறிந்த செவிலியர் எத்தனை பேர் டியூட்டியில் இருக்கிறார்கள் என்பது அப்படிப்பட்ட இரவில் உயிர்ப் பிரச்சினை. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 வடமாநிலத் தொழிலாளர்கள் இறந்தபோது, காயமடைந்தவர்கள் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். வலி எங்கே என்று கேட்கவே இந்த வட்டாரத்தில் இந்தி வேண்டியிருக்கிறது. செவிலியர் பலர் தாமே அரைகுறையாகக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தக் கல்வி 150 மணியில் சேராது.

ஆர்வம் இருந்தும் படிப்பு தொடங்காமல் போவதற்கான தடைகளும் தெரிந்தவையே. வாராந்திர ஆஃப் நிச்சயமில்லாத வேலை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீடு, கன்டெய்னர் லாரி நெரிசலைக் கடந்து சென்னைக்குப் போய்வரும் நேரம். இவற்றோடு பணிநிலை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களின் மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாயாக இருந்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடினார்கள். தொகுப்பூதியம் பிறகு உயர்ந்தது. ஆனாலும் ஒப்பந்தத்தில் இருப்பவர் ஓராண்டு விடுப்பெடுத்துச் சிறப்புப் பட்டயம் படித்தால், திரும்பும்போது அதே இடம் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. தனியார் மருத்துவமனையிலும் தொழிற்சாலை அறையிலும் இருப்பவருக்கு விடுப்பு என்ற பேச்சே எழாது. இந்த நிலையில் படிப்பில் அக்கறையில்லை என்று செவிலியரைக் குறை சொல்வது நியாயமாகாது.

செவிலியர் படிப்பதால் நோயாளிக்கு என்ன லாபம் என்று நிதித்துறை கேட்டால் சொல்ல விடை இருக்கிறது. செவிலிய ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் குழுவினரும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பட்டதாரிச் செவிலியர் விகிதம் 10 சதவீதம் கூடிய இடத்தில், அறுவை சிகிச்சை நோயாளி மருத்துவமனையில் சேர்ந்த 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வில், ஒரு செவிலியர் கவனிக்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது. படிக்க வைத்துவிட்டு ஆள் போடாமல் விட்டால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்ததாகும்.

வட்டாரத்துக்கு வேண்டிய பாடங்களைக் கற்பிக்கும் இடங்கள் தொலைவில் இல்லை. ஸ்டான்லியின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு புகழ்பெற்றது. தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை உண்டு. திருவள்ளூரில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனைச் செவிலியரும் தொழிற்சாலை ஆம்புலன்ஸ் அறைச் செவிலியரும் இந்தப் பிரிவுகளில் இரண்டு வாரம், ஊதியத்தோடு, டியூட்டியாகவே நின்று கற்க ஓர் ஆணை போதும். அந்த நாட்கள் தொடர்கல்வி மணிகளில் சேர வேண்டும். அவர்கள் வராத நாளுக்கு மாற்று ஆள் யார் என்பதும் ஆணையிலேயே எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் அந்த டியூட்டி பக்கத்து சிஸ்டரின் தலையில் விழும், அடுத்த முறை யாரும் பெயர் கொடுக்க மாட்டார்கள். தொழிற்சாலைச் செவிலியரின் பயிற்சிச் செலவை நிர்வாகமே ஏற்கச் செய்யும் பொறுப்பைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துடன் பேசி முடிவு செய்யலாம். சிறப்புப் பட்டயம் முடித்தவரை அதே சிறப்புப் பிரிவில் பணியமர்த்தவும், ஒப்பந்தச் செவிலியர் படிக்கப் போகும் காலத்தில் அவர் இடத்தைக் காத்து வைக்கவும் தனி விதிகள் தேவைப்படும். அவற்றை வகுக்கும் அதிகாரம் செயலாளர் அவர்களின் துறையிடமே இருக்கிறது.