வேலி தாண்டும் நிறங்கள்

வீட்டுத் தோட்டம் அமைக்க முற்படும்போது நாம் முதலில் செய்வது, நாற்றுப்பண்ணைக்குச் சென்று கண்ணைப் பறிப்பதை வாங்கிவருவதுதான். அன்றைக்குத் தொட்டியில் பூத்திருப்பதே நமது ஒரே அளவுகோல். துணிக்கடையில் சேலை எடுப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. ஆனால் சேலை வேலி தாண்டிச் செல்வதில்லை, செடி செல்லும்.

உன்னிச்செடியின் கதை இதற்குச் சான்று. வெப்பமண்டல அமெரிக்காவுக்குரிய இச்செடி, ஒரே கொத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் காட்டும் அழகுக்காகவே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டது. பறவைகள் அதன் கனியைத் தின்று விதையைப் பரப்பின. இன்று முதுமலைக் காட்டில் புல்லையும் இளங்கன்றுகளையும் எழவிடாமல் அது புதராக மண்டிக்கிடக்கிறது. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. யாரோ சிலருடைய அழகுணர்ச்சி பட்ட கடனை இன்று மான்களும் காட்டெருதுகளும் அடைத்துக்கொண்டிருக்கின்றன.

இதனால் அயல்மண்ணின் செடி எதுவுமே ஆகாது என்பது நம் வாதமன்று. காகிதப்பூவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. நாம் இதழ் என்று எண்ணும் அதன் வண்ணம் உண்மையில் பூவடிச்செதில். பூவோ நடுவே சிறிதாக, வெளுத்துக் காணப்படுகிறது. வேரூன்றியபின் நீரைச் சற்றுக் குறைத்தால் கூடுதலாகப் பூக்கும் இக்கொடி, கோடையில் தண்ணீருக்குத் தவிக்கும் ஊர்களுக்கு மிகவும் இசைவானது. குரோட்டன்ஸின் இயல்பு வேறு. வெளிச்சம் குன்றினால் அதன் நிறம் மங்கும். இதை அறியாமல் நிழலில் வைத்துவிட்டு, இலையெல்லாம் பச்சையாகிவிட்டதே என்று வருந்துகிறோம்.

இட்லிப்பூ என்று நாம் அழைக்கும் வெட்சி, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. ஆநிரை கவர்தலைக் குறிக்கும் திணைக்கே பெயர் தந்த பூ அது. தொல்காப்பியம் அதைக் குறிஞ்சியின் புறமாக வைத்ததைச் சொல்லத் தெரிந்த நம்மில் பலருக்கு, தெருமுனை வேலியில் அதைக் கண்டால் பெயர் சொல்லத் தெரிவதில்லை. இலக்கிய வாசகர்களாகிய நாம் நாணவேண்டிய இடம் இது.

நிறம் நமக்கு மட்டும் உரியதன்று. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் பெரும்பாலும் இதழ்களாகத் திரிந்துவிட்டதால் தேனீக்கு அங்கே கிடைப்பது சொற்பம். ஒற்றை இதழ்ச் செம்பருத்திக்குத் தேன்சிட்டு தவறாமல் வரும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தால் பட்டாம்பூச்சி முட்டையிட வரும். புழு கடித்த இலையைக் கண்டதும் பூச்சிமருந்தைத் தேடி ஓடுகிறோம். சிறகடிக்கும் நிறத்திற்கு நாம் தரவேண்டிய விலை அந்தச் சில இலைகள்தாம்.

அழகு எப்போதும் தீங்கற்றதும் அன்று. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சு. அரளியோ முழுச்செடியுமே நஞ்சு. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இவை இரண்டும் வேண்டாம்.

எனவே, விலை கேட்குமுன் வேறு சில கேள்விகளைக் கேட்போம். இச்செடியின் பூர்வீகம் எது? எவ்வளவு வெயிலும் நீரும் கேட்கும்? இதை நாடி எவை வரும்? விதை எங்கெல்லாம் போகும்? பதில் கிடைக்காத செடியை, எவ்வளவு அழகாயிருப்பினும், அங்கேயே விட்டுவருவதில் நமக்கு இழப்பேதுமில்லை.