முட்டுக்காட்டுப் பனிக்கு வலை கட்டலாமா?

மார்கழி, தை விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக முட்டுக்காடு பாலத்தைக் கடப்பவர்கள், உப்பங்கழியின் மேல் வெண்மை படர்ந்திருப்பதைப் பார்ப்பதுண்டு. கூடவே ஒரு பேச்சும் எழும்: "இது கடல்பனி. சிலியில் வலை கட்டிப் பனியிலிருந்து தண்ணீர் பிடித்தார்களே, இங்கேயும் பிடிக்கலாமே?" தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த ஊர்களின் தாகம் அந்தப் பேச்சில் இருக்கிறது. அதனாலேயே அதைச் சரிபார்க்காமல் விடக் கூடாது.

கடலிலிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். கடல் மூடுபனி உண்டாக, கடல் குளிர்ந்திருக்க வேண்டும். அதன் மேல் வரும் ஈரக்காற்று கடலைவிட வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சிலிக்கு ஹம்போல்ட் நீரோட்டமும் நமீபியாவுக்குப் பெங்குவேலா நீரோட்டமும் அந்தக் குளிர்ச்சியைத் தருகின்றன. நம் வங்கக் கடலோ ஜனவரியிலும் 26 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. சென்னை மீனம்பாக்கத்தில் அந்த மாத விடியல் வெப்பநிலை சராசரியாக 20, 21 டிகிரி. கடல் சூடு, காற்று குளிர்: கணக்கே தலைகீழ். விடியற்காலை மெல்லிய காற்றும் பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கியே போகிறது.

அப்படியானால் இந்தப் பனி எங்கிருந்து வருகிறது? வடகிழக்குப் பருவமழை நனைத்துவிட்டுப் போன தரை, தெளிந்த வானத்தின் கீழ் இரவெல்லாம் வெப்பத்தை இழக்கிறது. அதை ஒட்டிய காற்று குளிர்ந்து, ஈரம் துளிகளாகிறது. இது கதிர்வீச்சு மூடுபனி. உப்பங்கழி நீரின் மேல் இழை இழையாக எழுவது வேறு வகை. நிலத்தில் குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான நீரைத் தொடும்போது பிறக்கும் ஆவிப்பனி.

"கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதானே?" என்பார்கள். அறிவியலாளர்கள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. நியூயார்க் வட்டாரத்து மூடுபனியை வகைப்படுத்திய டார்டிஃப், ராஸ்முசன் இருவரும் (2007), பனி தொடங்கும் வேளையின் நிலவரத்தைப் பார்த்தார்கள். காற்றின் வேகம் என்ன, தரை குளிர்ந்துவந்ததா, மேகத்தின் அடி தாழ்ந்துவந்ததா, மழை பெய்ததா என்பவையே அவர்களுக்குச் சான்றுகள். நமீப் பாலைவனத்தின் கோபாபெபில் இன்னும் நுட்பமான வழி. கடலிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் அந்த ஆய்வு நிலையத்தில் பனிநீரைச் சேகரித்து, அதிலுள்ள கனமான ஆக்சிஜன், ஹைட்ரஜன் அணுக்களின் விகிதத்தை அளந்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வு, கடலோரப் பாலையின் பனியெல்லாம் கடலின் கொடை என்ற நெடுநாள் நம்பிக்கையை அசைத்தது: மூடுபனியாகவும் பனித்துளியாகவும் இறங்கிய நீரில் பாதிக்கு மேல் கடல் தந்ததல்ல, அதில் நிலத்தடி நீருக்கும் மண்ணின் ஈரத்துக்கும் பங்கு இருந்தது.

போகியன்று சென்னையில் விமானங்களைத் தாமதமாக்கும் திரையையும் பலர் பனி என்றே சொல்கிறார்கள். அதில் எரித்த குப்பையின் புகை கலந்திருக்கிறது. அதைத் தண்ணீராக எண்ணவே வேண்டாம்.

இனி வலை. சிலியின் சுங்குங்கோ மீனவக் கிராமத்துக்கு 1992 முதல் தண்ணீர் தந்த வலைகள் கடற்கரையில் நிற்கவில்லை. எல் டோஃபோ மலைமேல், கடற்காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு வந்து மோதும் இடத்தில் நின்றன. காற்று ஓடினால்தான் துளி வலையில் படும். நம் பனியோ காற்று அடங்கினால்தான் பிறக்கிறது. காற்று எழுந்தால் கலைகிறது. வலைக்கு வேண்டியதும் பனிக்கு வேண்டியதும் இங்கே ஒன்றுக்கொன்று பகை.

அமைதியான, தெளிந்த இரவுக்குப் பொருந்துவது வேறொன்று. கட்ச் வறண்ட நிலத்தின் கோத்தாராவில், அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர் கிரிஜா சரண், கூரையில் இறங்கும் பனித்துளியைச் சேர்க்கும் அமைப்புகளை நிறுவிக் காட்டினார். அதிலும் ஒரு சதுர மீட்டருக்கு ஓர் இரவில் ஒரு லிட்டருக்கும் குறைவாகவே தண்ணீர் கிடைக்கும்.