இரைச்சலும் ஒரு கச்சேரியா?

சுருதி இல்லை, தாளம் இல்லை, சாகித்தியமும் இல்லை. ஆயினும் கச்சேரி உண்டு, அதற்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வரும் ரசிகர்களும் உண்டு என்றால் நேயர்கள் நம்புவார்களா? ஜப்பான் தேசத்தில் இத்தகைய கச்சேரிகள் பல்லாண்டுகளாக நடந்து வருகின்றன. 1979-ஆம் ஆண்டில் டோக்கியோவில் மஸாமி அகிதா என்பவர் 'மெர்ஸ்பௌ' என்னும் பெயரில் இவ்வழியில் இறங்கினார். அதே ஆண்டில் ஜோஜோ ஹிரோஷிகே முதலியோர் 'ஹிஜோகைதான்' என்னும் குழுவைத் தொடங்கினார்கள். ஆபத்து நேர்ந்தால் தப்பி ஓடுவதற்கான மாடிப்படி என்பது அப்பெயரின் பொருள். பெயரிலேயே எச்சரிக்கை அடங்கியிருக்கிறது!

அவர்களுடைய முக்கிய வாத்தியம் நாம் அறியாததன்று. பொதுக்கூட்டத்தில் ஒலிவாங்கி ஒலிபெருக்கிக்கு நேரே போய்விட்டால் ஓர் ஊளை எழுகிறதல்லவா? பெருக்கியிலிருந்து வந்த ஒலி மீண்டும் வாங்கிக்குள் புகுந்து, சுற்றிச் சுற்றிப் பெருகுவதால் உண்டாவது அது. நாம் காதைப் பொத்திக்கொள்ளும் அந்த ஊளையை அவர்கள் வேண்டுமென்றே எழுப்புகிறார்கள். உலோகத் துண்டுகளில் ஒலிவாங்கியைப் பொருத்தி உரசுகிறார்கள். எழும் ஒலியை மின்சாரக் கருவிகளின் வழியே செலுத்தி உருத்தெரியாமல் சிதைக்கிறார்கள்.

தொடக்க காலத்தில் சிலர் ஒலியைச் சிதைத்ததோடு நிற்கவில்லை. 1985-இல் 'ஹனதராஷ்' குழுவைச் சேர்ந்த யமத்ஸுகா ஐ என்பவர், மண் தோண்டும் இயந்திரத்தையே டோக்கியோ அரங்கு ஒன்றில் ஓட்டிச் சுவரை உடைத்தார். காயம் பட்டால் வழக்குத் தொடுப்பதில்லை என்று ரசிகர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கியிருந்தார்களாம்! அதே மனிதர், 2007-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி, நியூயார்க் நகரத்துத் திறந்தவெளியில் 77 முரசுக் கலைஞர்களை ஒன்றுசேர்த்து வாசிக்கச் செய்தார். சுவரை உடைப்பவனை ஒரு நாள் வேடிக்கை பார்க்கலாம். மறுநாளும் கேட்பதற்கு ஒலியில் ஏதேனும் இருக்கவேண்டும்.

இதற்குச் சிறந்த சான்று 'இன்கபாஸிடன்ட்ஸ்' என்னும் இருவர் குழு. அவர்களுள் தோஷிஜி மிகாவா வங்கி உத்தியோகஸ்தராகவும், ஃபுமியோ கொஸாகாய் அரசாங்க ஊழியராகவும் பணியாற்றியவர்கள். அலுவலகத்தில் கணக்கும் கோப்புமாக இருந்தவர்கள், மேடை ஏறினால் கருவிகள் நிறைந்த மேஜையின்மேல் குனிந்து, உடல் நடுங்க, புயலை எழுப்பினார்கள். இயந்திரத்தை ஓட்டவில்லை; எவரையும் அச்சுறுத்தவில்லை. சுவரை உடைக்காமலே அரங்கை அதிரச் செய்தார்கள்.

அப்புயலில் ரசிகர் கேட்பது யாது? அருவியின் அருகில் நிற்பவருக்கு முதலில் ஒரே ஓசைதான். சற்றுப் பொறுத்தால் பாறையில் மோதுவது ஒன்று, தெறிப்பது ஒன்று என அடுக்கடுக்காகப் பிரிந்து கேட்கும். அவ்விதமே இங்கும். ஒலியைக் காது மட்டுமன்றி மார்பும் எலும்பும் கேட்கின்றன.

ஆனால் பெற்றோர் அறியவேண்டியது ஒன்றுண்டு. உட்செவியின் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்று வகுத்த அமெரிக்க நிபுணர்கள், 100 டெசிபலுக்கு 15 நிமிஷமே அனுமதிக்கிறார்கள். ஆகவே இளைஞர்கள் இக்கச்சேரிக்குப் போவதானால் காதடைப்பானோடு போகட்டும்.

இது சங்கீதமா என்ற வழக்கில் நாம் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறவேண்டியதில்லை. நம் சுருதியை அளவுகோலாகக் கொண்டால் இது தோற்றுவிடும். அது எளிய வெற்றி. இரைச்சல் என்று தள்ளுமுன் ஒருமுறை செவி சாய்ப்பதே நல்ல ரசிகருக்கு அழகு. செவியைக் காத்துக்கொண்டு சாய்ப்பது அறிவு.