மைதானத்துக்கு வெளியே: 90-வது நிமிடத்தில் ஹீரோ... அடுத்த வாரமே அந்நியர்! - அப்பாஸ் சுவான் கதை

2005 மார்ச் 26. டெல் அவிவ் நகரத்தை ஒட்டியிருக்கும் ரமத் கான் ஸ்டேடியம். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் இஸ்ரேலும் அயர்லாந்தும் மோதுகின்றன. ஆட்டம் தொடங்கிய நான்காவது நிமிடத்திலேயே அயர்லாந்தின் கிளின்டன் மாரிசன் கோல் அடித்துவிட்டார். அதன்பிறகு இஸ்ரேல் எவ்வளவோ முட்டிப் பார்த்தும் பந்து வலைக்குள் போகவே இல்லை. தோல்வி உறுதி என்று ரசிகர்கள் மனதைத் தேற்றிக்கொண்டிருந்த 90-வது நிமிடத்தில், இஸ்ரேல் வீரர் ஒருவர் பெனால்டி பாக்ஸுக்கு வெளியிலிருந்து ஓங்கி உதைத்தார். அயர்லாந்து கோல்கீப்பர் ஷே கிவன் பாய்ந்தும் எட்டவில்லை. 1-1.

ஸ்டேடியமே எழுந்து நின்று ஆடியது. கோல் அடித்தவர் பெயர் அப்பாஸ் சுவான். இஸ்ரேல் குடிமகன், அரபு முஸ்லிம்.

இதே ஆட்டம் தொடங்கும் முன், தேசிய கீதம் ஒலித்தபோது அவர் உதடுகள் அசையவில்லை. இஸ்ரேலின் தேசிய கீதமான 'ஹத்திக்வா' ஒரு யூதரின் ஆன்ம ஏக்கத்தைப் பாடுகிறது. யூதராக இல்லாத ஒருவர் அதை எப்படிப் பாடுவது? இஸ்ரேல் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அரபு இனத்தவர். அவர்கள் எல்லோர் முன்னாலும் நிற்கும் கேள்வி இது. சுவான் பாடவில்லை. அதேநேரம் அவமதிக்கவும் இல்லை. அமைதியாக நின்றார். அவ்வளவுதான்!

தேசிய அணிக்கு ஆடிய முதல் அரபு வீரர் அவர் அல்ல. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலேயே ரிஃபாத் துர்க் இஸ்ரேலுக்காக ஆடியிருக்கிறார். ஆனால், சுவான் வந்த ஊர் வேறு மாதிரியானது.

வடக்கே கலிலேயா மலைச்சரிவில் இருக்கும் சக்னின், சின்ன ஊர். அன்றைக்கு மக்கள்தொகை சுமார் 25,000. 1976 மார்ச் 30-ம் தேதி, அரபு மக்களின் நிலங்களை அரசு கையகப்படுத்துவதை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அந்தப் போராட்டத்தின் முக்கியமான களங்களில் ஒன்று சக்னின். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியை 'நில தினம்' என்று அனுசரிக்கிறார்கள். அதே 1976 ஜனவரியில்தான் சுவான் பிறந்தார். அந்தப் போராட்டத்தின்போது அவர் இரண்டு மாதக் குழந்தை.

ஊரின் அணியான ப்னெய் சக்னினுக்கு அவர்தான் கேப்டன், நடுக்கள வீரர். 2003-ல் அணி முதல் டிவிஷனுக்கு உயர்ந்தபோது, அந்தத் தரத்துக்கு ஏற்ற மைதானம் ஊரில் இல்லை. 'சொந்த மைதான' ஆட்டங்களைக்கூட வெளியூரில் போய் ஆடவேண்டிய நிலை. அந்த நிலையில்தான் 2004 மே மாதம், ஹப்போயல் ஹைஃபாவை 4-1 என்று வீழ்த்தி இஸ்ரேல் ஸ்டேட் கோப்பையைத் தூக்கினார்கள். இந்தக் கோப்பையை வென்ற முதல் அரபு ஊர் அணி இதுதான். அடுத்த சில மாதங்களில் யூஃபா கோப்பையில் நியூகாசிலோடு மோதினார்கள். ஆலன் ஷியரர் இருந்த அணி என்றால், முடிவைச் சொல்லவே வேண்டாம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 'அரபு அணி' என்று சொன்னாலும் அதில் யூத வீரர்களும் இருந்தார்கள், வெளிநாட்டவர்களும் இருந்தார்கள். அப்படிக் கோப்பை வென்ற அணியில் இருந்த யூத வீரர் லியோர் அசுலின். 2023 அக்டோபர் 7 அன்று நோவா இசை விழாவில் நடந்த ஹமாஸ் தாக்குதலில் அவர் கொல்லப்பட்டார். இந்தக் கட்டுரைக்காகப் பழைய அணிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெயரில் கண் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் எழுதவே ஓடவில்லை.

சரி, 2005-க்குத் திரும்புவோம். அயர்லாந்து ஆட்டம் முடிந்து நான்கே நாள்களில் பிரான்ஸுடன் ஆட்டம். தேதியைக் கவனியுங்கள்... மார்ச் 30, நில தினம்! ட்ரெசெகே அடித்த கோலால் பிரான்ஸ் முன்னிலை. 83-வது நிமிடத்தில் இஸ்ரேலுக்காகச் சமன் செய்தவர் வாலித் பதிர். இவரும் அரபு வீரர்தான். இவருடைய ஊரான கஃபர் காசிமில், 1956-ல் இஸ்ரேலிய எல்லைக் காவல் படை சுமார் 50 பேரைச் சுட்டுக்கொன்றது. இஸ்ரேல் வரலாற்றில் இன்னும் ஆறாத காயங்களில் அது ஒன்று.

ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டங்கள். இரண்டிலும் இஸ்ரேலைக் காப்பாற்றியவர்கள் அரபு வீரர்கள். 'அரபுக்காரர்கள் இல்லையென்றால் தாக்குதல்கள் இல்லை' என்பது அங்கே தீவிர வலதுசாரிகளின் பழைய கோஷம். அதையே திருப்பிப்போட்டு, 'அரபுக்காரர்கள் இல்லையென்றால் கோல்கள் இல்லை' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். படிக்கும்போது சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால், கோல் அடிக்காத அரபுக்காரர் என்ன செய்வார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

கோல் அடித்தவருக்கே என்ன நடந்தது தெரியுமா? சில நாள்களில் ப்னெய் சக்னின் ஆட்டத்துக்காக ஜெருசலேம் போனது. எதிரணி பெய்தார் ஜெருசலேம். அரபு வீரர்களைச் சேர்த்துக்கொள்ளாத அணி என்று பெயரெடுத்தது அது. அங்கே ரசிகர்கள் ஒரு பேனரை விரித்தார்கள். சுவான் பெயரைக் குறிப்பிட்டு, 'நீ எங்கள் பிரதிநிதி இல்லை' என்று எழுதியிருந்தார்கள். சுவான் பந்தைத் தொட்டபோதெல்லாம் கூச்சல்.

இன்னொரு பக்கம், இஸ்ரேல் சட்டையைப் போட்டதற்காக அரபு உலகத்திலிருந்தும் இவரைப் போன்றவர்களுக்கு விமர்சனம் உண்டு. ஒருபக்கம் தட்டினால் மத்தளம், இருபக்கமும் அடி வாங்குவது இவர்கள்தான்!

அந்தத் தகுதிச்சுற்றில் அவ்ரம் கிராண்ட் பயிற்சியில் ஆடிய இஸ்ரேல் அணி, பத்து ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. நான்கு வெற்றி, ஆறு டிரா. அயர்லாந்து, பிரான்ஸ் ஆட்டங்களில் கிடைத்த இரண்டு புள்ளிகள் இல்லையென்றால் அந்தக் கணக்கே மாறியிருக்கும். கடைசியில் சுவிட்சர்லாந்தும் இஸ்ரேலும் 18 புள்ளிகளோடு சமமாக நின்றன. கோல் வித்தியாசத்தில் இஸ்ரேலுக்கு மூன்றாம் இடம். 2006 உலகக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பும் போனது.

சுவான் பிறகு மக்காபி ஹைஃபா அணிக்குப் போனார்; ஓய்வும் பெற்றுவிட்டார். சக்னினுக்கோ 2005-லேயே சொந்தமாக ஒரு மைதானம் கிடைத்தது. அதற்குப் பெரும் பணம் கொடுத்தது கத்தார். பெயர் என்ன தெரியுமா? தோஹா ஸ்டேடியம்.